அரை நொடி

மார்த்தாண்டத்தில் நான் முதலில் நம்பியது
ஒரு வழுக்கைத் தலையை.
தியேட்டரில் எனக்கு முன்வரிசை.
மலையாளப் படம், மழையில் இரண்டாம் ஆட்டம்.
அந்தத் தலை குலுங்கினால் நான் சிரிப்பேன்.
எல்லோரும் சிரித்து ஓய்ந்த இடத்துக்கு
என் சிரிப்பு மட்டும்
கடைசி பஸ்ஸை விட்டவள் மாதிரி
மூச்சிரைக்க ஓடி வரும்.
கல்யாணமாகிப் பதினொன்றாம் நாள்.
ஷெல்ஜின் திரும்பிக் கேட்பான்,
"மனசிலாச்சா?"
"ம்."
பொய்.

வழுக்கைத் தலையின் பெயர் ஞானசிகாமணி என்றும்
அவருக்குக் காது மந்தம் என்றும்
ரெண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது.
பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான்
அவரும் சிரித்திருக்கிறார்.

விருதுநகரில் நான்
விசிலடித்துப் படம் பார்த்தவள்.
வசனம் வருமுன்னே வசனம் சொல்லி
அண்ணனிடம் குட்டு வாங்கியவள்.
இங்கே,
"அடுக்களையில பூச்சை கேறியிருக்கு, வெரட்டு மக்ளே" என்றார் மாமியார்.
துடைப்பத்தோடு போய்
சுவரெல்லாம் பூச்சி தேடினேன்.
மீன்சட்டியைக் காலி செய்துவிட்டு
என் காலை உரசிக்கொண்டு போனது
ஒரு பூனை.
வந்த விருந்தாளிக்கெல்லாம் அதைச் சொன்னார்கள்.
சொல்லச் சொல்ல
பூனை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

ரப்பர் ஷீட் வாடை
தலையணை உறை வரைக்கும் வந்தது.
துவைத்த துணி நாலு நாள் காயவில்லை.
போனில் அம்மாவிடம்,
"நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்றேன்.
வைத்துக்கொண்ட பிறகுதான் கவனித்தேன்,
ஸ்டூலையும் அப்படித்தான் சொல்வோம்.

கருங்கல் பக்கம் ஒரு கோயிலில் பத்தாம் திருவிழா.
ராத்திரி பத்தரைக்கு இன்னிசை.
கொழுந்தன் விஜின்தான் ஆக்டோபேட்.
மூன்றாவது பாட்டின் நடுவே
கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர்க்காரர் சாயா குடிக்கப் போயிருந்தார்.
ஆள் உயர ஸ்பீக்கர்கள்
பீரோ மாதிரி நின்றன.
விஜின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு
அடிக்க ஆரம்பித்தான்.
பாடகர் வெறுந்தொண்டையில் பல்லவியை எடுத்தார்.
மைதானம் சேர்ந்துகொண்டது.
முதல் சரணம் தாண்டியது.
இரண்டாவது சரணம்
ஒருவருக்கும் தெரியவில்லை.
பாடகருக்கும்தான்; செல்போன் வெளிச்சத்தில் அவர்
நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும்.
அண்ணனிடம் குட்டு வாங்கிப் படித்த சரணம் அது.
எழுந்தெல்லாம் நிற்கவில்லை,
கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே பாடினேன்.
நாற்காலித் தாளம் என் பக்கம் திரும்பியது.
"யாருடே அது?"
இருட்டிலிருந்து விஜின் கத்தினான்,
"எங்க மைனியாக்கும்! பூச்சை மைனி!"
அந்த மைதானத்தில்
முதலில் சிரித்தது நான்.

போன மாசம் அம்மா வந்திருந்தாள்.
அழைத்துப் போனேன், அதே தியேட்டர்,
சீட் மட்டும் புதுசு.
படம் ஓட ஓட
கன்னத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது.
திரும்பினால் அம்மா.
திரையைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் சிரித்ததும் சிரித்தாள்.
"மனசிலாச்சாம்மா?" என் வாய்தான் கேட்டது.
"ம்" என்றாள்.
அந்த "ம்" எனக்குத் தெரியும்.

இடைவேளையில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப்
பல்லால் கடித்துத் திறந்தபடி கேட்டாள்,
"வீட்டுக்கு எப்படி வர்ற?"
"படம் முடிஞ்சதும் போயிரலாம்மா,
ஆட்டோ அஞ்சே நிமிஷம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கு அணைந்தது.
அரை நொடி கழித்துத்தான்
அவள் எந்த வீட்டைக் கேட்டாள் என்று
எனக்கு உறைத்தது.
அதற்குள் அவள் கை
உடையாத சிப்ஸாகப் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தது.